ஈப்போ சலவைக்கல்லில் நொச்சி எழுத்து

2023 ஜூலை 10, திங்கட்கிழமை. எழுந்ததும் வழக்கம்போல நேற்றைய கைக்குட்டையைத் துவைத்துக் குளியலறைக் கம்பியில் காயப்போட்டேன். சவரம் செய்துகொண்டேன். பிறகு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து முந்தைய நாள் குறிப்பை எழுதி முடித்து, பேனாவை மூடி, செருப்பைத் துடைத்து மாட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். திருச்சியில் செய்வது இதேதான். ஜன்னலுக்கு வெளியே மட்டும் வேறு: மலைக்கோட்டை இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகச் சுண்ணாம்புக் குன்றுகள், இடுப்பில் மேகம் கட்டி நின்றன.

பழைய டவுனில் ஒரு கோப்பிக்கடை. ஈப்போவின் வெள்ளைக் கோப்பியைப் பற்றி விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் சொல்லிக்கொண்டே வந்தார். வெள்ளை என்றதும் நான் பால் என்று நினைத்தேன். நிறம் நம் ஊர்க் காப்பிதான். கொட்டையைக் கருக விடாமல் வறுப்பதால் அந்தப் பெயராம். வாணலி மணமும் வெண்ணெய் மணமும் சேர்ந்த ருசி. அரைவேக்காட்டு முட்டை இரண்டும் கருகிய ரொட்டியும் வந்தன. முட்டையைச் சாசரில் ஊற்றிக் குடிப்பதற்கு எனக்குத் துணிவு வரவில்லை. எதிரே ஒரு சீனப் பெரியவர் என் முட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

என்னை அழைத்துப் போக வந்தவர் ஜெசிந்தா. இங்கே ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நான் திருச்சியில் ஒரு பதிப்பகத்தில் பக்கம் அமைப்பவன். வேலை நேரம் போக, வீட்டில் பல ஆண்டுகள் உட்கார்ந்து ஒரு தமிழ் எழுத்துரு வரைந்தேன். கோடு முடியும் இடத்தில் சிறு பாதம் வைத்து, செங்குத்துக் கோடுகளைத் தடிப்பாகவும் படுக்கைக் கோடுகளை மெலிதாகவும் இழைத்த எழுத்து. ஆங்கிலத்தில் இந்த அமைப்பைச் செரிஃப் என்பார்கள். 'நொச்சி' என்று பெயர் வைத்தேன். சில நாவல்கள் அதில் அச்சாகின. அப்படி ஒரு நாவலின் முதல் பக்கத்தில் எழுத்துருவின் பெயரைப் பார்த்துத்தான் ஜெசிந்தா எனக்கு எழுதினார்: இறந்துபோன தன் அம்மாவின் கல்லறைக் கல்லுக்கு இந்த எழுத்து வேண்டும்.

காகிதத்தில் என் எழுத்தைப் பார்த்திருக்கிறேன். கல்லில் பார்த்ததில்லை. சேர்த்து வைத்திருந்த விடுப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

"பசியாறிட்டீங்களா அண்ணே?" என்று கேட்டுக்கொண்டே காரில் ஏற்றினார். "கல்லப் பாக்க புதன்கிழமைதான் போலாம். கல்லு வெட்டுற வோங் அங்கிள் பட்டறையப் பூட்டிட்டு பினாங்குல கல்யாணத்துக்குப் போயிருக்காரு. சனிக்கிழமை அம்மாவுக்கு வருஷப் பூசை. அன்னைக்கு ஃபாதர் வந்து தீர்த்தம் தெளிச்சுக் கல்ல மந்திரிப்பாரு."

வீட்டில் அவர் தம்பி ஆரோக்கியம் இருந்தார். தொழிற்சாலை ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறார். கல்லில் ஆங்கிலம் போதும் என்று சொன்னவர் அவர். தமிழில் வெட்டினால் பஸ் போர்டு மாதிரி இருக்கும் என்பது அவர் கட்சி. அக்கா விடவில்லை.

"எழுத்துக்குக் காலு வரைஞ்சவரு நீங்கதானா?" என்று கை கொடுத்தார். "நல்லா இல்லன்னா அக்காவ விட மாட்டேன், சொல்லிட்டேன். சொந்தக்காரங்க அம்புட்டுப் பேரும் வாராங்க லா." வாக்கியத்தின் கடைசியில் 'லா' போடுவது இந்த ஊர்ப் பேச்சு வழக்கம்.

அப்பா சூசை ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முள் நிறைந்த டுரியான் பழம் ஒன்றைச் செருப்புக் காலால் உருட்டிக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். கோலா கங்சார் சாலையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கணவனும் மனைவியுமாகப் பால் வெட்டியவர்கள். தோட்டம் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காடு. கல்லறைத் தோட்டம் மட்டும் அங்கேயே இருக்கிறது.

"தம்பி, டுரியான் தின்பீங்களா?"

தின்றேன். அதைப் பற்றி எழுதாமல் விடுகிறேன். பாதியில் நிறுத்தியதற்காக அவர் என்மேல் கோபப்படவில்லை. மீதியை வாங்கி அவரே சாப்பிட்டார்.

செவ்வாய். தனியாகக் கோலா கங்சார் போய் ஆற்றங்கரையைப் பார்த்து வரலாம் என்று பஸ் ஏறினேன். பஸ்ஸின் நெற்றியில் ஓடிய புள்ளி எழுத்துகள் நன்றாக அமைந்திருந்தன. அவற்றின் இடைவெளியைப் பார்த்தேனே தவிர, ஊர்ப் பெயரைப் பார்க்கவில்லை. இறக்கிவிட்ட இடம் தஞ்சோங் ரம்புத்தான். இந்த நாட்டில் மனநல ஆஸ்பத்திரிக்குப் பெயர்போன ஊர்.

சாலையோரக் கடையில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த தமிழரிடம் திரும்பும் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டேன்.

"யாரப் பாக்க வந்தீங்க அண்ணே? ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்."

"யாரையும் இல்லை. பஸ் மாறி வந்துவிட்டேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க," என்றார். பிறகு மனம் இரங்கி உட்காரச் சொல்லி, சூடாக ரொட்டி சானாயும் பருப்புக் குழம்பும் வைத்தார். நம் ஊர்ப் பரோட்டாவைவிட மெல்லியது, ஓரம் மொறுமொறுப்பு. இரண்டு தின்றேன். மாலையில் ஆரோக்கியத்திடம் சொன்னதும் அவர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"எழுத்துக்குக் காலு வரையுற ஆளு. பஸ்ஸுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க, எங்க எறக்கணும்னு!"

புதன். வோங் அங்கிளின் பட்டறை ஒரு குன்றின் அடியில் இருக்கிறது. வெள்ளைத் தூள் தகரக் கூரைமேல், நாய்மேல், தேநீர்க் கோப்பைமேல் எல்லாம் படிந்திருந்தது. எழுபதை ஒட்டிய, பனியன் போட்ட சீனர். பெரும்பாலும் சீனக் கல்லறைகளுக்குத்தான் வெட்டுகிறார். ஜெசிந்தாவிடம் மலாயில் பேசினார். பேசியதை ஜெசிந்தா எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

சாக்கை விலக்கினார். அகலமான ஒரே கல். இடது பாதியில் கறுப்பு மையிட்டு, 'அந்தோணியம்மாள்'.

அந்த நிமிடத்தை நிதானமாக எழுதிவைக்க வேண்டும். என் 'ய'வின் பாதம் சலவைக்கல்லில் உட்கார்ந்திருந்தது. ஒளி பக்கவாட்டில் விழுந்து, பாதத்தின் ஓரத்தில் நிழல் ஒதுங்கியிருந்தது. காகிதத்தில் நான் மையால் செய்த தடிப்பையும் மெலிவையும் இங்கே உளி ஆழத்தால் செய்திருந்தது. 'ணி'யின் சுழிகளில் மெல்லிய கோடு ஓரிடத்தில்கூட உடையவில்லை. குனிந்து ஊதித் தூசியைத் தள்ளினேன்.

அப்போதுதான் பக்கத்தில் ஜெசிந்தா மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது.

கல்லின் வலது பாதி காலியாக இருந்திருக்க வேண்டும். அங்கே அப்பாவின் பெயர் இருந்தது. 'சூசை'. அதுவும் அம்மாவின் பெயரைப்போல மூன்று மடங்கு பெரிதாக, பளபளக்கும் சிவப்பில்.

காரணத்தைப் புரிந்துகொள்ள சற்று நேரம் பிடித்தது. நான் அனுப்பிய தாளில் இரண்டு பெயர்களும் இருந்தன. அம்மாவின் பெயர் கறுப்பில். அப்பாவின் பெயர் சாம்பல் நிறத்தில், அதே அளவில். எந்தக் காலத்திலோ வேறு யாரோ அதை வெட்டும்போது அளவு மாறக்கூடாதே என்று முன்யோசனையாக வைத்தேன். வோங் அங்கிள் அதைப் பார்த்துவிட்டு ஜெசிந்தாவுக்குப் போன் செய்திருக்கிறார்.

"அப்பா உசுரோடதான இருக்காருன்னு கேட்டாரு," என்றார் ஜெசிந்தா. "ஆமான்னேன். 'சரி, எனக்குத் தெரியும், நான் பாத்துக்கறேன்'னு வெச்சிட்டாரு. காலியா விடுவாருன்னு நெனச்சேன் அண்ணே."

சீனக் கல்லறைகளில் கணவன் மனைவி இருவர் பெயரையும் ஒரேயடியாக வெட்டிவிடுவார்களாம். இறந்தவருக்குத் தங்க நிறம் அல்லது கறுப்பு. இருப்பவருக்குச் சிவப்பு. சிவப்பில் எழுதி வைத்தால் ஆயுசு நீளும். வோங் அங்கிள் மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. உயர்ந்த சிவப்பைத்தான் பூசியிருக்கிறார். அளவைப் பற்றிக் கேட்டதற்கும் பதில் இருந்தது.

"எங்க ஆளுங்க பேருல புருஷனுக்கும் மூணு எழுத்து, பொஞ்சாதிக்கும் மூணு எழுத்து. சமமா எடம் பிடிக்கும். உங்க பெரியவர் பேரு ஒரு மூலையில சின்னதா கெடந்துச்சு. பாவமா இருந்துச்சு. எடம் நெறயா இருக்குதேன்னு பெரிசாக்கினேன்."

ஜெசிந்தா வெளியே போய்க் காரில் சாய்ந்து நின்றார். அழவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அம்மா போனப்புறம் அப்பா மாசக்கணக்குல சரியாச் சாப்பிடல அண்ணே. 'என்னையும் கூட்டிக்கிட்டுப் போயிருக்கலாம்'னே சொல்லிக்கிட்டு இருந்தாரு. இப்பத்தான் டுரியான் கடைக்கு நடக்குறாரு, ஆளுங்ககிட்டப் பேசுறாரு. சனிக்கிழமை வந்து தன் பேரக் கல்லறையில பாத்தாருன்னா? மறுபடியும் பழையபடி ஆயிடுவாரு."

மாலையில் ஆரோக்கியம் விஷயத்தைக் கேட்டு வேன் சாவியை மேசையில் போட்டார். பிறகு, "இங்கிலீஷ்ல வெட்டியிருந்தாலும் இதத்தான் செஞ்சிருப்பாரு லா," என்று அக்காவைத் தேற்றினார். அந்தப் பாதியை மறைக்க ஒரு தகடு அடிக்கலாம், பூசையன்று அதன்மேல் பூ வைத்துவிடலாம் என்று முடிவாயிற்று. அப்பாவுக்குத் தெரியக்கூடாது. இரவு மீன்தலைக் கறி. நல்ல புளிப்பு. எவரும் ருசித்ததாகத் தெரியவில்லை.

வியாழன். அக்காவும் தம்பியும் தகடு பார்க்க வோங் அங்கிளிடம் போனார்கள். அப்பாவுக்குத் துணையாக என்னை வீட்டில் விட்டுப் போனார்கள். அவர் எனக்குக் கோப்பி கலந்து கொடுத்தார். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கல்லு எப்புடி வந்துருக்கு தம்பி?"

நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லி, 'ய'வின் பாதத்தையும் 'ணி'யின் சுழியையும் விரிவாக விளக்கினேன். உண்மையைப் பேசக்கூடிய பகுதியிலேயே தங்கிவிடப் பார்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எம்பக்கம் காலியாத்தான இருக்கு?"

கோப்பியை ஒரு வாய் குடித்தேன். இன்னொரு வாய் குடித்தேன்.

"தம்பி, எம்புள்ளைங்க நேத்து மீனத் தின்ன மாதிரி நீ கோப்பி குடிக்கிற. கைப்பேசிய எடு. காடி கூப்புடு. போலாம்."

வாடகைக் காரை வரவழைத்து அவரை ஏற்றிக்கொண்டேன். நான் செய்தது சரியா என்று வழியெல்லாம் யோசித்தேன். பட்டறையில் எங்கள் இருவரையும் பார்த்ததும் ஜெசிந்தாவின் முகம் வெளுத்தது. "அண்ணே!" என்றார் என்னைப் பார்த்து. அந்த ஒரு சொல்லிலேயே திட்டு முழுவதும் இருந்தது. ஆரோக்கியம் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

சூசை கல்லருகே போனார். முதலில் மனைவியின் பெயரை விரலால் தொட்டு எழுத்தெழுத்தாக வாசித்தார். பிறகு தன் பெயர். இரண்டே எழுத்து. அதைத் தொடவில்லை.

வோங் அங்கிள் மலாயில் அவசரமாகச் சொன்னார்: "சிவப்பு. பாஞ்சாங் உமூர், பாஞ்சாங் உமூர்." நீண்ட ஆயுசு, நீண்ட ஆயுசு.

"தெரியும் தவுக்கே," என்றார் சூசை, சீன முதலாளியை அழைக்கும் சொல்லில். தோட்டத்துக்குப் பக்கத்தில் சீனர்களின் கம்பம், அதாவது கிராமம், இருந்ததாம். இந்த வழக்கத்தை அவர் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறார். "செவப்பு பத்தி ஒண்ணுமில்ல. என்னிக்கிருந்தாலும் அவ பக்கத்துல எழுதப்போற பேருதான. இப்பவே கெடந்துட்டுப் போவுது."

ஜெசிந்தா, "அப்பா..." என்றார்.

"இரு. நான் முடிக்கல." குரல் உயர்ந்தது. "இது என்னா அளவு? நாப்பது வருஷம் ஒண்ணா பால் வெட்டுனோம். என்னிக்காச்சும் பால் புடிக்கிற எம்மங்குல அவளவிடக் கூட இருந்திருக்கா? கேளு, யாரவேணாலும் கேளு! இப்ப நான் ஆனை மாதிரி நிக்கிறேன், அவ எறும்பு மாதிரி ஓரத்துல கெடக்குறா. இதப் பாத்தா சும்மா இருப்பாளா? செத்தும் என்னைய வையுறதுக்கு வெச்சிட்டீங்களே!"

முதலில் சிரித்தவர் ஆரோக்கியம். பிறகு ஜெசிந்தா, அவர் சிரித்ததும் அழுகையும் சேர்ந்துகொண்டது. பெரியவர் சிரிக்கவில்லை. அவர் மெய்யாகவே கோபமாக இருந்தார்.

"எம்பேர அவ அளவுக்கு வெட்டணும். சாமா பெசார்." கடைசி இரண்டு சொல் வோங் அங்கிளுக்காக மலாயில்: ஒரே அளவு.

வோங் அங்கிள் கல்லைச் சுற்றி வந்தார். வலது பாதியை மட்டும் அரை விரல் ஆழத்துக்கு இறக்கினால் பெரிய எழுத்து போய்விடும். இறங்கிய பலகையில் புதிதாக வெட்டலாம், வெள்ளிக்கிழமை முழுக்க உட்கார்ந்தால் முடியும் என்றார். ஆனால் அம்மாவின் பக்கம் கொஞ்சம் உயரமாகத் தெரியும்.

"அதுதான் சரி," என்றார் சூசை.

ஒரு விஷயத்தில் மட்டும் வோங் அங்கிளுக்குத் திருப்தியில்லை. அந்த அளவில் வெட்டினால் பெரிய பலகையில் இரண்டு எழுத்து மட்டும் நிற்கும். மிச்சம் வெறுமை. அது கண்ணுக்கு நன்றாக இருக்காது என்றார். நான் தலையிட்டேன். எழுத்தின் அளவு ஒன்றாக இருந்தால் வெறுமை குறையாகத் தெரியாது. பெயரை நடுவில் தொங்கவிடாமல் அம்மாவின் பெயரை ஒட்டிய ஓரத்தில் தொடங்கினால் போதும், இரண்டும் ஒரே வரிபோல ஓடும் என்றேன். மெல்லிய கோடு பற்றியும் ஒன்று சொன்னேன். பழைய 'சூ'வின் சுழியில் சிவப்பு வழிந்து கோடு தடித்திருந்தது. மெல்லிய கோடுகளுக்குத் தனித் தூரிகை வேண்டும். அவர் ஒப்புக்கொண்டார். ஜெசிந்தா மொழிபெயர்க்க, நாங்கள் இருவரும் தூசி படிந்த பலகையில் விரலால் வரைந்து வரைந்து பேசினோம். தொழிலில் எனக்கு இப்படி ஒரு மதிய நேரம் அமைந்து நாளாயிற்று.

"மிச்ச எடத்த என்னா செய்யிறது?" என்று ஆரோக்கியம் கேட்டார்.

"காலியாக் கெடக்கட்டும்டா," என்றார் அப்பா. "ஒங்கம்மாவுக்குப் பேச எடம் வேணும்ல."

வெள்ளி. பகல் முழுவதும் மழை. பட்டறையில் உளிச் சத்தம். எனக்கு வேலையில்லை. கோழிச் சோறும் அவித்த முளைப்பயறும் சாப்பிட்டேன். இந்த ஊர்த் தண்ணீரால்தான் முளைப்பயறு இப்படிக் குண்டாக வருகிறது என்று கடைக்காரம்மா சைகையால் விளக்கினார். நம் ஊரில் காவிரித் தண்ணீரைச் சொல்வதுபோல.

சனி. ஆரோக்கியத்தின் வேனில் பழைய மெத்தையை விரித்து அதன்மேல் கல்லை ஏற்றிக்கொண்டு விடியலிலேயே போய் நட்டாயிற்று. செம்பனை மரங்களுக்கு நடுவே வேலி போட்ட சிறு கல்லறைத் தோட்டம். மழை கழுவிய மண் செம்பழுப்பாக இருந்தது. பூசை முடிந்து உறவினர் வந்தார்கள். கறுப்பில் நீளமாக ஒரு பெயர், அதை ஒட்டி ஒரு படி உள்ளடங்கிச் சிவப்பில் குட்டையாக ஒரு பெயர். முதலில் எல்லாரும் கிசுகிசுத்தார்கள். பெயருக்குரியவரே முன்வரிசையில் வெள்ளைச் சட்டை போட்டு நின்றதால் பேச்சு அடங்கியது.

ஃபாதர் தீர்த்தத்தை அம்மாவின் பக்கம் தெளித்தார். சிவப்புப் பெயருக்கு வந்ததும் கை தயங்கியது.

"எனக்கும் சேத்துத் தெளிச்சிருங்க ஃபாதர்," என்றார் சூசை. "நீங்க திரும்ப வர்ற வேலை மிச்சம்."

"அத அப்ப வந்து பாத்துக்கறேன்," என்று ஃபாதர் சொல்லிவிட்டுத் தீர்த்தத்தை அவர் தலைமேல் தெளித்தார். கூட்டம் சிரித்தது. கல்லறையில் அத்தனை பேர் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஆரோக்கியம் என் பக்கத்தில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் கல்லையே பார்த்தார். "பஸ் போர்டு மாதிரி இல்ல லா," என்றார். அந்த ஊர் வழக்கத்தில் அது பெரிய பாராட்டு என்று பிறகு ஜெசிந்தா சொன்னார். அவர் கண்ணாடி அன்று முழுக்க முகத்திலேயே இருந்தது. சூசை பந்தியில் இரண்டாம் முறை ஆட்டுக்கறி கேட்டு வாங்கியதை அவர் எனக்குக் கண்ணால் காட்டினார்.

மறுநாள் ஞாயிறு. எழுந்தேன். கைக்குட்டை துவைக்கும் முன்பு, முதல் வேலையாக மடிக்கணினியைத் திறந்தேன். நொச்சியில் என் பெயரை அடித்தேன். சுந்தரமூர்த்தி. நீளமான பெயர். ஒட்டினாற்போல, திருச்சியில் இருக்கும் மனைவியின் பெயர். உமா. இரண்டையும் ஒரே அளவில் வைத்து, ஒரே கோட்டில் நிறுத்தினேன். அவள் பெயருக்குப் பின்னால் நிறைய இடம் மிஞ்சியது. அதை அப்படியே விட்டேன். பிறகு இரண்டு பெயர்களையும் சேர்த்துத் தேர்வு செய்து, நிறத்தைச் சிவப்பாக மாற்றினேன்.